இரண்டு டொலர்த் தாளில் ஒரு பெரியார்

எம் கல்லூரியின் விழாவிற் கலந்துகொள்ளும் பொருட்டுச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், ஒரு மாலைப்பொழுதிலே சாட்டிக் கடற்கரையில் எம்மைக் கண்டு நெடுநேரம் உரையாடினார். விடைபெறும்போது, தாம் வாழும் நாட்டின் இரண்டு டொலர்த் தாளொன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுமாறு கூறி எமது கையில் வைத்துச் சென்றார். மறுநாள் அதனை வகுப்புக்குக் கொண்டு சென்றோம். ஊதா நிறம் பொருந்திய அத்தாளை மாணாக்கர் கசக்கிப் பார்த்தனர், கசங்கவில்லை. நீரில் அமிழ்த்திப் பார்த்தனர், ஊறவில்லை. எமது நாட்டு மத்திய வங்கி 1998ஆம் ஆண்டிலே சுதந்திரப் பொன்விழாவை முன்னிட்டு வெளியிட்ட 200 ரூபாத் தாளைப்போல இதுவும் பொலிமர் என்னும் செயற்கைப் பொருளினால் ஆயது என விளக்கினோம்.

அவ்வளவில் அமையாது மாணவன் ஒருவன் எழுந்து, தாளின் முகப்பிலே கறுப்புத் தொப்பி அணிந்து விளங்கும் இவ்வரசர் யாவர் என வினவினான். தாளைத் திருப்பிப் பார்த்த மாணவி ஒருத்தி, மறுபுறத்தில் இருப்பவை பள்ளிக்கூடங்கள் போலத் தோன்றுகின்றனவே, பணத்திலே பள்ளிக்கூடத்தைப் பொறிப்பானேன் எனக் கேட்டாள். இரண்டும் நல்ல வினாக்கள். ஒரு பாடவேளைக்குள் விடை கூறி முடிக்க எம்மால் இயலவில்லை. ஆகவே, அன்று கூறியதையும் கூறாது விட்டதையும் சேர்த்து, இவ்விழா மலரின் வாயிலாக அப்பெரியாரின் வரலாற்றைச் சொல்லத் துணிந்தோம்.

அவர் அரசர் அல்லர். அரச குலத்திற் பிறந்தவரும் அல்லர். பத்திரிகை நடத்திப் பிழைத்த ஓர் ஆசிரியர். யூசொப் பின் இஸ்ஹாக் என்பது அவர் பெயர். சிங்கப்பூர்க் குடியரசின் முதற் சனாதிபதி என உலகம் அவரை அறியும்.

எமக்கும் அந்நாட்டுக்கும் உள்ள தொடர்பு

தீவகத்தாருக்குச் சிங்கப்பூரும் மலாயாவும் அயல்நாடுகள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம், ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறி அங்கே சென்று, புகையிரதப் பகுதியிலும் திறைசேரியிலும் வைத்தியசாலைகளிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் கடமையாற்றினர். அவர்கள் அனுப்பிய பணத்தினால் எழுந்த கல்வீடுகளும், திருப்பணி கண்ட கோயில்களும், கூரை மாறிய பாடசாலைகளும் எம்மூர்களிற் பல. முதுமையிலே ஊர் திரும்பி, உபகாரச் சம்பளம் பெற்று, வெள்ளை வேட்டியும் குடையுமாக வீதியிற் செல்லும் மலாயாப் பென்சனியரை எம் முந்திய தலைமுறை நன்கு அறியும்.

சிங்கப்பூரின் அரசியலிலும் எம்மவர்க்குப் பங்குண்டு. 1915ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிற் பிறந்து மலாயாவில் வளர்ந்த சி. இராசரத்தினம் அவர்கள், 1959இல் அந்நாட்டின் கலாசார அமைச்சராயினார். 1966இல் அந்நாட்டுப் பிள்ளைகள் பாடசாலைகளிற் சொல்லும் தேசிய உறுதிமொழியை எழுதியவரும் அவரே. அவரும் பத்திரிகைத் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர். யூசொப் அவர்கள் நாட்டின் தலைமைப் பதவியை ஏற்ற காலத்தில் அமைச்சரவையில் அமர்ந்திருந்தவர் எம் மண்ணில் பிறந்த ஒருவர் என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்வாராக.

பிறப்பும் கல்வியும்

யூசொப் அவர்கள் 1910ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 12ஆம் நாள், மலாயாவின் பேராக் மாநிலத்திலே பாடாங் காஜா என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளுள் அவரே மூத்தவர். தந்தையார் இஸ்ஹாக் அவர்கள் அரசாங்க உத்தியோகத்தர். மீன்பிடிப் பகுதியிலே, அதுவரை ஐரோப்பியருக்கே உரியதாயிருந்த உயர் பதவியை வகித்த முதலாவது சுதேசி. இன்னார் இன்ன பதவிக்கே உரியர் என்று வெள்ளையர் வகுத்து வைத்த காலத்தில், திறமை அவ்வரம்பைக் கடக்கும் என்பதை அச்சிறுவர் தம் வீட்டிலேயே கண்டார்.

தொடக்கத்தில் மலாய்ப் பள்ளியிலும், பின்னர் தைப்பிங் நகரிலுள்ள ஏழாம் எட்வேட் மன்னர் பாடசாலையிலும் அவர் பயின்றார். 1923இல் தந்தையார் சிங்கப்பூருக்கு மாற்றம் பெறவே, குடும்பமும் உடன் சென்றது. அங்கே விக்டோரியா பிரிட்ஜ் பாடசாலையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டு புகழ்பெற்ற இராபிள்ஸ் கல்வி நிலையத்திற் புகுந்தார். 1927இல் கேம்பிரிட்ஜ் பாடசாலைத் தராதரப் பரீட்சையிற் சிறப்பாகச் சித்தியெய்தினார்.

படிப்பே கதியென அவர் அறைக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. ஹொக்கி, கிரிக்கெட், நீச்சல், கூடைப்பந்து என எல்லா விளையாட்டிலும் முன்னின்றார். பள்ளியின் மாணவர் படையிலே அதிகாரி நிலைக்கு உயர்ந்தார். கல்லூரி விட்டபின் 1932இல் குத்துச்சண்டையிற் கிண்ணம் வென்றார். 1933இல் பாரந்தூக்கும் போட்டியிலே தம் எடைப் பிரிவில் முதலிடம் பெற்றார். பள்ளிச் சஞ்சிகையின் ஆசிரியர்களுள் ஒருவராகவும் அவர் இருந்தார். ஒரு தேசத்தின் நாணயத்தாளிலே இடம்பெற்றவர் முதன்முதல் மை தொட்டு எழுதியது, இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் இம்மலரைப் போன்றதொரு பள்ளி மலரிலேதான் என்பதை எம் மாணாக்கருக்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம்.

ஆயினும் அவர் எண்ணிய யாவும் ஈடேறின என்று கருதற்க. சிறந்த மாணாக்கரை இங்கிலாந்துக்கு அனுப்பும் புலமைப்பரிசிலுக்காக அவர் பயின்றார். அது அவருக்குக் கிடைக்கவில்லை. அக்காலத்தில் அப்பரிசில் ஒன்றே ஏழை எளியவர் பிள்ளைகளுக்குக் கடல் கடந்த பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறப்பது. அக்கதவு மூடப்பட்டதும் அவர் சோர்ந்து அமர்ந்தாரல்லர். நண்பர் இருவரோடு கூட்டுச் சேர்ந்து விளையாட்டுச் செய்திகளுக்கென ஒரு சஞ்சிகையை வெளியிட்டார். பரீட்சையில் ஒரு புள்ளி குறைந்தால் உலகமே இருண்டது போலக் கலங்கும் மாணாக்கரை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிப்பாராக.

எழுத்துத் தொண்டு

1932ஆம் ஆண்டிலே வார்த்தா மலாயா என்னும் மலாய்ப் பத்திரிகையிற் சேர்ந்து, அச்சுக்கூடத்தின் வேலையும் நிர்வாகமும் எழுத்தும் ஆகிய மூன்றையும் அவர் கற்றார். அக்காலத்திலே மலாய் மொழியில் வெளிவந்த பெரும் பத்திரிகைகள் மலாயருக்குச் சொந்தமானவை அல்ல. அராபிய வமிசத்து முஸ்லிம் செல்வர் முதலானோரே அவற்றின் உடைமையாளராயிருந்தனர். மொழி தம்முடையது, வாசிப்போர் தம்மவர், ஆனால் அச்சுப்பொறி பிறருடையது என்னும் நிலை அவர் நெஞ்சை உறுத்தியது. 1938இல் அப்பத்திரிகையை விட்டு விலகி, ஒத்த கருத்துடையாரோடு கூடி, மலாயரின் பணத்தால் மலாயரே நடத்தும் ஒரு நாளிதழை நிறுவ முற்பட்டார்.

பணம் எங்கிருந்து வருவது? அவர்களிடத்திற் பெருஞ்செல்வர் இல்லை. எனவே யூசொப் அவர்கள் மலாயா நாடெங்கும் ஊர் ஊராகச் சென்று பங்குகளை விற்றார். வாடகைக்கார் ஓட்டுநரும், தெரு வியாபாரிகளும், கமக்காரரும் தம்மிடமிருந்த சிறு பணத்தைக் கொடுத்துப் பங்காளராயினர். சைவ மக்கள் வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பாடசாலைகளை எழுப்பிய வரலாற்றையும், 1889ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துச் சைவ பரிபாலன சபையார் இந்து சாதனம் என்னும் பத்திரிகையைத் தொடங்கிய வரலாற்றையும் அறிந்த எமக்கு, இதன் பொருள் எளிதில் விளங்கும். தன் சிறு பணமும் கலந்திருக்கும் ஒன்றையே மக்கள் தமது என்று கருதுவர். அதனைக் காக்கவும் முற்படுவர்.

இவ்வாறு திரண்ட முதலைக் கொண்டு 1939ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் உத்துசான் மெலாயு என்னும் நாளிதழின் முதல் இதழ் சிங்கப்பூரில் வெளிவந்தது. அரபு எழுத்தின் வழிவந்த ஜாவி எழுத்திலே அது அச்சாயிற்று. மலாயப் பத்திரிகையுலகின் தந்தை எனப் போற்றப்படும் அப்துல் ரகீம் காஜாய் அதன் ஆசிரியரானார். யூசொப் அவர்கள் நிர்வாகத்தைத் தாங்கினார். மலாயர் கல்வியிற் பின்தங்கியமைக்குக் காரணம் யாது, அவர்கள் தொழிற்றுறைகளிற் புகாதிருப்பது ஏன் என்பன போன்ற வினாக்களை அப்பத்திரிகை அஞ்சாது எழுப்பியது. தன்னினத்தைப் புகழ்ந்து உறங்க வைப்பதும் பத்திரிகைத் தொழில்தான். உண்மையை உரைத்து எழுப்புவதும் பத்திரிகைத் தொழில்தான். அவர் பின்னதையே தேர்ந்தார்.

இடையூறும் உறுதியும்

பத்திரிகை மூன்றாண்டு நிறையுமுன் போர் வந்து சேர்ந்தது. 1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டது. உத்துசான் மெலாயு நின்றது. அதன் அச்சுப்பொறிகளிலே யப்பானியர் தமக்கு வேண்டிய மலாய்ப் பத்திரிகையை அச்சிடலாயினர். யூசொப் அவர்கள் தைப்பிங் நகருக்குச் சென்று ஒரு பலசரக்குக் கடையை வைத்துப் பிழைத்தார். நேற்றுவரை தலையங்கம் வெளியிட்டவர் இன்று தராசைப் பிடித்து அரிசி நிறுத்தார். அதனை அவர் இழிவென எண்ணவில்லை.

1945இற் போர் முடிந்ததும் சிங்கப்பூர் திரும்பிப் பத்திரிகையை மீண்டும் தொடங்கினார். மறு ஆண்டில் பிரித்தானியர், மலாய மன்னர்களின் உரிமைகளைப் பறித்து மலாயன் யூனியன் என்னும் ஆட்சிமுறையைப் புகுத்தியபோது, நாடெங்கும் எழுந்த எதிர்ப்பிற்கு உத்துசான் மெலாயு குரல் கொடுத்தது. அவ்வெதிர்ப்பிலிருந்தே 1946இல் அம்னோ என்னும் மலாயர் கட்சி தோன்றியது. அக்கட்சியின் வளர்ச்சிக்கு அப்பத்திரிகை செய்த உதவி சிறிதன்று. 1949இல் அவர் நூர் ஆயிஷா அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு மக்கள் மூவர்.

போரினால் எல்லாம் அழிந்தபின் மீண்டும் தொடங்குவது எத்தகையது என்பதை நூல்களிற் படித்தே அறியவேண்டிய நிலையில் எம் தீவகத்தார் இல்லை. 1990களின் தொடக்கத்திலே ஊர்கள் வெறிச்சோடிப் போனதையும், மணியோசை நின்ற பாடசாலைகளையும் இம்மலரை வாசிப்போருட் பலர் கண்ணாற் கண்டனர். திரும்பி வந்து பற்றையை வெட்டி, உடைந்த வாங்குகளைப் பொருத்தி, எஞ்சிய பிள்ளைகளை இருத்திப் பாடம் தொடங்கியவர்களே இன்று விழாக் கொண்டாடுகின்றனர். ஆதலால், கடையைப் பூட்டிவிட்டு அச்சுக்கூடத்திற்குத் திரும்பிய அம்மனிதரின் மனநிலையை எம்மவர் எளிதில் உணர்வர்.

ஆசனம் துறந்தமை

1957ஆம் ஆண்டு மலாயா சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டிலே உத்துசான் மெலாயுவின் தலைமையகம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. இப்பொழுது ஆட்சி, தம்மினத்தவரின் கட்சியினிடத்தில் இருந்தது. ஆட்சிக்கு வந்த கட்சி பத்திரிகையையும் தன் வசமாக்க விரும்பியது.

யூசொப் அவர்களின் வாழ்க்கையிலே மிகக் கடினமான சோதனை இதுவென்றே யாம் கருதுகின்றோம். அந்நியன் அடக்கும்போது எதிர்த்து நிற்றல் அரிதாயினும், மனம் குழம்புவதில்லை. எதிரில் நிற்பவன் யார் என்பது தெளிவு. தம்மவரே, தாம் வளர்த்தவரே, தமக்குக் கைகட்டுக என வந்து நிற்கும்போது யாது செய்வது? இணங்கினால் பதவியும் செல்வாக்கும் நிலைக்கும். இணங்காவிடின் இருபதாண்டு உழைப்பும் கைவிட்டுப் போகும். தாம் மலாயருக்கே உழைத்தவர், ஒரு கட்சிக்கு உழைத்தவரல்லர் என்பதை அவர் மறந்தாரில்லை. தெருவில் அலைந்து விற்பவனும் வண்டி ஓட்டுபவனும் பங்கு வாங்கியது ஒரு கட்சியின் ஊதுகுழலுக்காக அன்று. 1959இல் அவர் தாம் நிறுவிய பத்திரிகையை விட்டு வெளியேறினார். ஈராண்டின் பின், 1961இல், அக்கட்சியின் கட்டுப்பாட்டை எதிர்த்து அப்பத்திரிகையின் எழுத்தாளரும் தொழிலாளரும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர், பயன்படவில்லை. அவர் அஞ்சியதே நிகழ்ந்தது.

நாட்டின் தலைவர்

அவர் சிங்கப்பூருக்கு மீண்ட ஆண்டு அந்நாட்டின் வரலாற்றில் ஒரு திருப்பமான ஆண்டு. 1959ஆம் ஆண்டு யூன் மாதம் 3ஆம் நாள் சிங்கப்பூர் உள்நாட்டுச் சுயாட்சி பெற்றது. லீ குவான் யூ அவர்கள் பிரதமராயினார். முன்னாளில் சட்டத்தரணியாக உத்துசான் மெலாயுவுக்கு ஆலோசனை கூறியவர் அவர். ஆகையால் யூசொப் அவர்களின் நேர்மையை அருகிலிருந்து அறிந்தவர். முதலிற் பொதுச்சேவை ஆணைக்குழுவின் தலைமை யூசொப் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு திசெம்பர் மாதம் 3ஆம் நாள், யாங் டி பெர்துவான் நெகாரா எனப்படும் நாட்டின் தலைமைப் பதவியிலே அவர் அமர்ந்தார். அப்பதவியை வகித்த முதற் சுதேசி அவரே. நாட்டின் கொடியும் சின்னமும் கீதமும் அந்நாளிலேதான் மக்களுக்கு முன் வைக்கப்பட்டன.

அக்காலச் சிங்கப்பூர் மக்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சீனர். மலாயர் ஏழில் ஒரு பங்கு. இந்தியரும் இலங்கையருமாகிய எம்மவர் பத்திலொரு பங்கிற்கும் குறைவு. சிறுபான்மையினத்தவர் ஒருவரை நாட்டின் முதல் ஆசனத்தில் இருத்தியது அந்நாடு. அவ்வாசனத்துக்குப் பெரிய அதிகாரம் இல்லை என்பது உண்மையே. நாட்டை ஆண்டவர் அமைச்சர்கள். சட்டங்களை இயற்றியது மன்றம். ஆனால் அதிகாரம் குறைந்த ஆசனத்திலே அமர்பவருக்குக் குணம் ஒன்றே அணிகலன். அதனை அவர் குறைவறப் பூண்டார். அரண்மனை போன்ற இஸ்தானா மாளிகை தமக்கென இருக்கவும், அதன் வளவிலுள்ள ஸ்ரீ மெலாத்தி என்னும் சிறிய இல்லத்திலேயே குடும்பத்தோடு வாழ்ந்தார். ஓய்வு கிடைத்தபோது பூஞ்செடிகளைப் பேணினார்.

1963ஆம் ஆண்டு செப்ரெம்பர் 16ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தது. 1965ஆம் ஆண்டு ஆகத்து 9ஆம் நாள் பிரிந்து தனிநாடாயிற்று. யூசொப் அவர்கள் அக்குடியரசின் முதற் சனாதிபதியாயினார். அவ்வாண்டின் சட்டம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கனையும் ஆட்சிமொழிகளாக்கி, மலாயைத் தேசிய மொழியாக வைத்தது. மக்களிற் பெரும்பான்மையோர் சீனராயிருந்தும் சீனம் ஒன்றே போதும் என அந்நாடு கூறவில்லை. அந்நாட்டு நாணயங்களிலே சிங்கப்பூர் என்னும் பெயர் எம் எழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணும் தமிழன் தலைநிமிர்வான். ஒன்பதாண்டுகளுக்கு முன்னர், 1956இல், எமது நாட்டு மன்றம் ஒரு மொழிக்கே ஆட்சியுரிமை வழங்கிச் சட்டம் இயற்றியதையும், அதன் விளைவுகளையும் யாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. தமிழுக்கும் ஆட்சிமொழி என்னும் நிலை சட்டத்தில் வருவதற்கு 1987ஆம் ஆண்டுவரை காத்திருந்தோம். சிங்கப்பூரிலே குறையே இல்லை என்பது எம் கருத்தன்று. ஒரே காலத்திலே ஒரே வினாவுக்கு இரு நாடுகள் எழுதிய விடைகள் இவை என்று மட்டும் கூறி அமைவோம்.

கலவர காலம்

சட்டம் எழுதப்படுவதற்கு முன்னரே அந்நாடும் குருதி சிந்தியது. 1964ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆம் நாள், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாயருக்கும் சீனருக்குமிடையே கலவரம் மூண்டது. 23 பேர் மாண்டனர். நானூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். செப்ரெம்பரில் மீண்டும் மூண்டபோது 13 உயிர்கள் மடிந்தன. 1958இலும் அதன் பின்னரும் எமது நாடு கண்ட காட்சிகளை அறிந்தோர், அந்நாட்களின் அச்சத்தை உணர்வர்.

நாட்டின் தலைவரோ மலாயர். கால் நூற்றாண்டாக மலாயரின் உரிமைக்கு எழுதியவர். அவரது நிலை எத்துணை இக்கட்டானது! தம்மினத்தவரின் சினத்திற்கு ஒரு சொல் துணைபோயினும் நாடு பற்றி எரியும். தம்மினத்தவரைக் கைவிட்டார் என்னும் எண்ணம் எழினும் அவர் சொல்லுக்கு மதிப்பிராது. அவர் எல்லா இனத்தவரையும் அணுகி, குலைந்த நம்பிக்கையை மீட்கும் பணியில் நின்றார். மலாயர் அவரை ஐயுறவில்லை. தம் கட்சி நலனுக்காகவோ பதவிக்காகவோ அவர் எதனையும் விற்றவரல்லர் என்பதை அவர்கள் முன்னரே கண்டிருந்தனர். சீனரும் தமிழரும் அவரை ஐயுறவில்லை. தம் மொழியை மனமார நேசிப்பவன் பிறர் தம் மொழியை நேசிப்பதை எளிதில் உணர்வான் என்பதை அவர் ஒழுக்கம் காட்டியது.

தன் தாயைப் போற்றத் தெரியாதவன் அயலான் தாயைப் போற்றுவான் என எதிர்பார்த்தல் பேதைமை. தன் தாயைப் போற்றுவதற்காக அயலான் தாயை இகழ்தல் அதனினும் பேதைமை. இவ்விரண்டிற்கும் நடுவிலே ஒரு வழி உண்டு. அவ்வழியில் நடந்து காட்டியதே யூசொப் அவர்களின் வாழ்க்கை தரும் பாடமென யாம் கொள்கின்றோம்.

மறைவும் நினைவும்

புலமைப்பரிசில் தவறிப் பல்கலைக்கழக வாயிலைக் காணாதிருந்த அவர், 1965 தொடக்கம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். பதவியிலிருக்கும்போதே, 1970ஆம் ஆண்டு நொவெம்பர் மாதம் 23ஆம் நாள், இதயம் செயலிழந்து, தமது அறுபதாம் வயதிலே காலமானார். அரச மரியாதையுடன் கிராஞ்சியில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவரை அடுத்து மருத்துவப் பேராசிரியராகிய பெஞ்சமின் ஷியர்ஸ் அவர்கள் சனாதிபதியாயினார்.

1999ஆம் ஆண்டிலே சிங்கப்பூர் புதிய நாணயத்தாள் வரிசை ஒன்றை வெளியிட்டபோது, எல்லாப் பெறுமதித் தாள்களிலும் அவர் உருவமே பொறிக்கப்பட்டது. 2004 தொடக்கம் 2007 வரையுள்ள காலத்திற் பத்து, இரண்டு, ஐந்து டொலர்த் தாள்கள் பொலிமரிலும் வெளிவந்தன. ஒவ்வொரு தாளின் மறுபுறமும் ஒரு பொருளைக் குறிக்கும். பத்து டொலர்த் தாளின் பொருள் விளையாட்டு. ஐந்து டொலர்த் தாளின் பொருள் பூங்கா நகரம். இரண்டு டொலர்த் தாளின் பொருள் கல்வி. அதிலுள்ள கட்டடங்களுள் இரண்டு, யூசொப் அவர்கள் பயின்ற விக்டோரியா பிரிட்ஜ் பாடசாலையும் பழைய இராபிள்ஸ் கல்வி நிலையமுமாம். மூன்றாவது மருத்துவக் கல்லூரி.

அவர் அமர்ந்த ஆசனத்தில் 1999இல் எஸ். ஆர். நாதன் என்னும் தமிழர் அமர்ந்தார். 2017இல் மலாயப் பெண்மணியாகிய ஹலீமா யாக்கோப் அவர்களும், 2023இல் மக்கள் வாக்கினாலே யாழ்ப்பாண வழித்தோன்றலாகிய தர்மன் சண்முகரத்தினம் அவர்களும் அமர்ந்தனர். சிறுபான்மையினத்தவர் ஒருவருக்கு 1959இல் திறந்த கதவு பின்னர் அடைபடவில்லை.

மாணாக்கருக்கும் பழைய மாணவருக்கும்

இனி, எம் வகுப்பில் எழுந்த வினாக்களுக்கு வருவோம். இவ்வரசர் யாவர் என்று வினவிய மாணவனுக்கு எம் விடை இது: முடிசூடியதால் அன்று, தன் உழைப்பின் பயனைத் தானே துறக்க வல்லவராயிருந்ததால் அவர் தாளிலே இடம்பெற்றார். பணத்தின்மேல் உருவம் பொறிக்கப்பெறும் தகுதி, பணத்திற்கு விலைபோகாதவருக்கே உரியது.

பணத்திலே பள்ளிக்கூடம் ஏன் என்று கேட்ட மாணவிக்கு எம் விடை: மீன்பிடிப் பகுதி உத்தியோகத்தர் ஒருவரின் மகனை நாட்டின் தலைவராக்கிய இடம் அது. தீவகத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளை மலாயாவுக்கும் கொழும்புக்கும், பின்னர் உலகின் எத்திசைக்கும் அனுப்பியதும் பள்ளிக்கூடமே. எம் கல்லூரியின் படத்தை எந்த நாடும் நாணயத்தாளிற் பொறிக்கப்போவதில்லை. ஆயினும் பழைய மாணவர் அனுப்பும் ஒவ்வொரு டொலரிலும் பவுணிலும் அது கண்ணுக்குத் தெரியாமற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அப்பணத்தைக் கைநீட்டி வாங்கும் யாம், அது வாடகைக்கார் ஓட்டுநரின் பங்குப்பணத்தைப் போன்றதே என்பதை மறவாது செலவிடக் கடமைப்பட்டுள்ளோம். ஒரு சிலரின் பெருமைக்காகவோ ஒரு பக்கத்தாரின் நலனுக்காகவோ அது தரப்படவில்லை.

உவர்நீரே மிகுந்த எம் தீவகத்திலே சாட்டிக் கிணறுகளின் நன்னீர் பல ஊர்களின் தாகத்தைத் தணித்து வருகின்றது. அந்நீர் எம் மண்ணிலே ஊறுவது. எம்முடையது என்று சொல்ல எமக்கு உரிமையுண்டு. ஆனால் அள்ள வருபவன் எவ்வூரான், எக்கோயிலான் என்று கிணறு கேட்பதில்லை. தன் மண்ணில் ஆழ ஊன்றி ஊறி, வருபவர் யாவர்க்கும் பயன்படுவோராக எம் மாணாக்கர் வளர்வாராக.

அந்த இரண்டு டொலர்த் தாளை யாம் செலவிடவில்லை. கல்லூரி நூலகத்திலே கண்ணாடிச் சட்டமிட்டு, இரு புறமும் தெரியும்படி வைத்துள்ளோம். விழாவுக்கு வரும் பழைய மாணவர் ஒருகணம் அதன்முன் நின்று செல்வாராயின், அதனைத் தந்த அன்பரின் எண்ணம் நிறைவேறும்.